மஞ்சக்குட்டை மின்னல்காரர்

சோற்றுத் தட்டு முன்னால் வருவதற்குள் ஒரு தரம் மின்னல் அடித்துப் பார்த்துவிட வேண்டும் செங்கோடனுக்கு. பொழுது சாய்ந்ததும் வாசலைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டி, எருக்குழி ஓரத்தில் போய் நிற்பார். இடுப்பிலிருந்து டார்ச்சை உருவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் வீட்டைப் பார்த்து ஒரு அழுத்து அழுத்துவார். உடனே அடுப்படி ஜன்னலுக்குள் வெள்ளை வெளிச்சம் பட்பட்டென்று வெட்டும். உள்ளே ரசம் தாளித்துக்கொண்டிருக்கும் மாதம்மாளின் கை ஒரு வெட்டுக்குக் கரண்டியோடு மேலே இருக்கும், அடுத்த வெட்டுக்குச் சட்டிக்குள் இருக்கும். நடுவில் அது எப்படி இறங்கியது என்பதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. கூடைக்குள் அடைத்த சேவல் விடிந்துவிட்டதென்று நம்பிக் கூவும். ஒரே நாளில் இரண்டு தரம் விடிகிற வீட்டில் எந்த விடியலுக்கு முட்டையிடுவது என்று குழம்பி, கோழிகள் அந்த வேலையையே விட்டுவிட்டன.

"புடிச்சுதா?" என்று எருக்குழியிலிருந்து குரல் வரும்.

"புடிச்சுதுங்க. ரசத்துல உப்பு ரெண்டு தடவ உழுந்துருச்சு. வந்து குடிங்க" என்பாள் மாதம்மாள்.

பகலில் செங்கோடன் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மெக்கானிக். பழம் பறிக்கிற பருவத்தில் பழத்தோலை உரிக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவார். மற்ற மாதங்களில் மேனேஜர் பங்களாவில் பியூஸ் போடுவார். மற்றவர்கள் பென்சில் செருகும் காதில் இவருக்கு டெஸ்டர். சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லா. மனிதர்களை எடை போடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான், இவர் வாட் கணக்கில் போடுவார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைப் பற்றிக் கேட்டால், "நாப்பது வாட்டுங்க. ஆனா அறுவதுன்னு நெனப்பு" என்பார். மாமியாரைப் பற்றிக் கேட்டால், "டூப் லைட்டுங்க. சித்த நேரம் துடிச்சுப்போட்டுத்தான் எரியும். எரிஞ்சா அணைக்க முடியாது." மாதம்மாளை அளக்கச் சொன்னால் மட்டும் டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொள்வார். "அது மெயினுங்க. அதையெல்லாம் தொட்டுப் பாக்கப்படாது."

மின்னல் குடியிருப்பது ஒரு தகரப் பெட்டியில். மூடியில் ரோஜாப்பூ வரைந்த அந்தப் பெட்டி மாதம்மாள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. அவளுடைய சேலைகள் இப்போது உரச்சாக்கில் இருக்கின்றன. ஏற்காடு ஏரிக்கரையில் படம் எடுக்கும் போட்டோக்காரர் ஒருவர் தூக்கிப் போட்ட ஃப்ளாஷிலிருந்து கழற்றிய கண்ணாடிக் குழல், அதற்குப் பின்னால் பளபளவென்று தேய்த்த இட்லிக் குண்டா மூடி, சுற்றிலும் ஒரு காக்கைக்கூடு அளவுக்கு வயர், மூலையில் ஒரு பழைய ஜீப் பேட்டரி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு காலிப் பால் டப்பா, பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில், வெளிச்சம் பட்டால் கரண்ட்டை விடுகிற துவரம்பருப்பு அளவுச் சில்லு ஒன்று. சேலத்தில் ரேடியோ கடையில் வாங்கியது. செங்கோடன் அதற்கு வைத்த பெயர் பூனைக்கண். தூரத்திலிருந்து டார்ச் அடித்தால் பூனைக்கண் விழிக்கும். அது விழித்திருக்கிற வரைக்கும் மின்னல் வெட்டும். டார்ச்சை அணைத்தால் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு நாள் பெய்த இடிமழையில் வானம் ஒரு மின்னல் அடிக்க, பூனைக்கண் அதைப் பார்த்து இங்கே பெட்டி பதில் மின்னல் அடித்தது. வானத்துக்கு ரோசம் வந்து இன்னொன்று அடிக்க, பெட்டியும் விடவில்லை. மழை ஓய்ந்து தவளை கத்த ஆரம்பித்த பிறகும் இரண்டும் ஓயவில்லை, கடைசியில் வானம்தான் முதலில் விட்டுக்கொடுத்தது என்று பக்கத்து ஊரான கரடியூரில் பேச்சு. கரடியூர்க்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

இத்தனை பாடும் ஒரு நாடகத்துக்காக. மஞ்சக்குட்டை மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஒரே நாடகம்தான்: ஐயாக்கண்ணு வாத்தியார் எழுதிய 'பண்ணாடியும் பூக்காரியும்'. பூ விற்கிற கிழவியைப் பண்ணையாரான பண்ணாடி அவமானப்படுத்துவார். "நீ ஆரு?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரம் மேடையில் விளக்கணைந்து, மின்னல் வெட்டி, கிழவி நின்ற இடத்தில் அம்மன் நிற்பாள். கதை ஊருக்கே மனப்பாடம். இருந்தாலும் அந்த ஒரு நொடிக்காகத்தான் குளிரில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். திரும்பிப் போக ஜீப் வேண்டும், தோட்டத்துக்குள் காட்டெருமை வந்துவிடும் என்பதால் மஞ்சக்குட்டை நாடகம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்துச் சோற்று வேளைக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு காலமும், கிழவியாக வந்து இருட்டுக்குள் அம்மனாக மாறுகிற அந்த வேஷம் முனியப்பனுடையது. ஆரஞ்சுத் தோட்டக்காரர், ஆறடி ஆள், மீசை மட்டும் தனியாக அரையடி. அம்மனுக்காகக் கூட அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மஞ்சளைக் குழைத்து மீசைமேல் பூசிக்கொண்டுதான் அருள் பாலிப்பார். அவர் காலத்தில் மின்னல் என்பது தீப்பந்தத்தின் மேல் வீசும் குங்கிலியத்தூள். ஒரு வருஷம் தூள் கொஞ்சம் கூடிப்போய், இடது பக்கத்து மீசை பொசுங்கி, பாதி மீசையோடு அம்மன் வரம் கொடுத்தாள். அந்த வருஷம்தான் செங்கோடனுக்குப் பெட்டி செய்யும் யோசனை வந்தது.

பெட்டி தயாரானது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஐயாக்கண்ணு வாத்தியார் ஒரு நாள் காப்பித் தோட்டத்து வழியாக வந்தபோது, பழம் பறித்துக்கொண்டே மாதம்மாள் அம்மன் வசனம் முழுவதையும் ரைட்டர்மேல் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பறித்த கூடையை ரைட்டர் அரைக்கூடை என்று சொல்லியிருந்தாராம். "அற்ப மானுடனே, உன் கண் அளந்தது என் கூடையையா, உன் ஆயுளையா?" என்று அவள் கேட்ட கேள்வி எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகளைத் தலைநிமிர வைத்தது. ரைட்டர் முழுக்கூடை என்று ஒப்புக்கொண்டார். வாத்தியார் அப்போதே முடிவு செய்துவிட்டார்: இந்த நோம்பிக்கு அம்மன் மாதம்மாள்தான்.

ஒரு பெண்ணே அம்மனாக நிற்பதா என்று ஊர் ஒரு வாரம் யோசித்தது. முனியப்பன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு வருஷம் பார்ப்பது என்று தீர்த்தார்கள். அம்மன் வருகிற அந்த ஒரு நொடி பிசகில்லாமல் வந்தால் வேஷம் இனி மாதம்மாளுக்கு. பிசகினால் கிரீடம் மறுபடி முனியப்பனுக்கு, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. அதுவரைக்கும் முனியப்பன் பண்ணாடி வேஷம் கட்டட்டும்.

மாதம்மாள் வீட்டில் அடுப்பை ஊதிக்கொண்டே ஒரே ஒரு தரம் கேட்டாள். "ஏனுங்க, உங்க பொட்டி என்னையக் கைவுட்டுராதே?"

"பொட்டி கைவுட்டாலும் நான் கைவுடுவனா?" என்றார் செங்கோடன். சொன்ன பிறகுதான், தான் மேடைப்பக்கமே போக முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் அந்த நாடகத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மன் வேஷம் கட்டியவரின் வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ, கிரீடம் இறங்குகிற வரைக்கும் மேடைப்பக்கம் வரக்கூடாது. மைதானத்து ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் எல்லை. இதற்குக் காரணமும் முனியப்பன்தான். முன்னொரு வருஷம் அவர் சூலத்தைத் தூக்கி உக்கிரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கலாவதி மேடையோரம் வந்து வீட்டுச் சாவி கேட்டார். அம்மன் ஆட்டத்தை நிறுத்தி, இடுப்பைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்து, "மோட்டார் ரூமு சாவி வேறம்மா, மாத்திப் போடாத" என்று சொல்லிவிட்டு மறுபடி உக்கிரமானாள். சாபம் வாங்கிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான். அன்றைக்கே வாத்தியார் சட்டம் போட்டார். "அம்மன் கோவமா வர்ற நேரத்துல எதுக்க புருசனோ பொண்டாட்டியோ நின்னா, அம்மனுக்கு ஊட்டு நெனப்பு வந்துரும்."

அப்படியானால் மின்னலை அடிப்பது யார்? மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் முனியப்பனின் பங்காளிகள். அவர்களிடம் ஸ்விட்சைக் கொடுப்பதற்குப் பதில் குங்கிலியத்தையே கொடுத்துவிடலாம். செங்கோடன் பெட்டியிலிருந்த ஸ்விட்சையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். முதலில் சில்வர் ஓக்கிலிருந்து மேடைவரைக்கும் வயர் இழுத்துப் பார்த்தார். வாத்தியார் வந்து குனிந்து வயரைப் பார்த்தார், நிமிர்ந்து செங்கோடனைப் பார்த்தார்.

"அந்த நுனியில ஆரு கை இருக்குது?"

"என்ற கைதானுங்க."

"அப்ப இந்த நுனி வரைக்கும் உன்ற கைதான். சுத்து வயர."

அதன் பிறகு பிறந்ததுதான் பூனைக்கண். வெளிச்சம் எல்லையைத் தாண்டலாமா என்பதற்கும் வாத்தியாரிடம் தீர்ப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தார். "வெளிச்சம் ஆருக்கும் புருசன் இல்ல. உடு" என்றார்.

ஒத்திகையன்று ஒரு சின்னக் கோளாறு தெரிந்தது. மலைமேல் டார்ச் இல்லாமல் யாரும் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். ஒத்திகை பார்க்க வந்தவர்களில் ஒருவர் விழுந்த பீடியைத் தேட டார்ச் அடித்தார், மேடையில் மின்னல். ஒருத்தி குழந்தையின் குல்லாவைத் தேடினாள், மின்னல். பண்ணாடி எண்ணெய் தேய்த்துக்கொள்கிற காட்சியில் மின்னல், கணக்கப்பிள்ளை கொட்டாவி விடுகிற காட்சியில் மின்னல். முனியப்பன் மீசையை நீவிக்கொண்டு, "அம்மன் வர்றதுக்கு முன்னாலயே நாலஞ்சு தரம் வந்துட்டுப் போயிருச்சுங்கப்பா" என்றார். மாதம்மாள் கிழவி வேஷத்தில் உட்கார்ந்தபடி சில்வர் ஓக் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வாட்டில் சொல்ல முடியாது.

ஆகவே நோம்பியன்று மைக்கில் அறிவிப்பு வந்தது. டார்ச் லைட் கொண்டுவந்த பெரியோர்களும் தாய்மார்களும் அவற்றை மைதானத்து ஓரத்தில் ஒப்படைத்துவிட்டு உட்காரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செங்கோடன் ஒரு காப்பிச் சாக்கை விரித்துப் பிடித்தபடி நின்றார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, டார்ச்சின் அடியைத் திருகி ஏதோ செய்துவிட்டுச் சாக்கில் போட்டார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லாத அளவுக்கு மலையில் எல்லோருக்கும் பழகிய காரியம் அது.

எல்லோரும் கொடுத்தார்கள், வாழைத்தார் வியாபாரம் செய்யும் ஆராயி மட்டும் கொடுக்கவில்லை. டார்ச்சை மடியில் செருகிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏப்பா செங்கோடா, ஊரு டார்ச்செல்லாம் வாங்கிப் போட்டியே, உன்றது எங்க?"

"அக்கா, நான் லைட்டுக்காரனுங்க."

"நீ லைட்டுக்காரன்னா நான் வாழக்காக்காரி. சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டம்தான்."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். செங்கோடன் நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். அதுதான் அவரிடம் உள்ள பெரிய கோளாறு. ஊர் பார்க்க, இடுப்பிலிருந்து தன் டார்ச்சை உருவி, அதன் அடியைத் திருகி, வழக்கமாகச் செய்வதைச் செய்து, சாக்கில் போட்டார். ஆராயியும் தன்னுடையதைப் போட்டாள். போட்டுவிட்டு, என் பொருள் இருக்கும் இடத்தில்தான் நான் இருப்பேன் என்று சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாட்டில் நீதி நிலைத்தது. நாடகம் ஆரம்பமானது.

செங்கோடன் சில்வர் ஓக்கில் சாய்ந்துகொண்டு பார்த்தார். வானத்திலிருந்து பனிமூட்டமாய் மஞ்சு இறங்கவில்லை, நல்லது. இறங்கினால் டார்ச் வெளிச்சம் பாதி வழியிலேயே பஞ்சாகிவிடும். மேடையோரத்தில் ரோஜாப்பூப் பெட்டி, அதில் பால் டப்பா, அதன் வாய் நேராக அவரைப் பார்த்தபடி. மாதம்மாள் கூனிக்கொண்டு பூக்கூடையோடு வந்தாள். இது என் பெண்டாட்டிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பண்ணாடி முனியப்பன் கூடையை எட்டி உதைத்தார். கூட்டத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆராயி ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ ஆரு?" என்றார் பண்ணாடி.

கிழவி சிரித்தாள்.

"நீ ஆரு?"

செங்கோடனின் கை இடுப்புக்குப் போனது. இடுப்பில் வேட்டி இருந்தது. இடுப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"நீ ஆரு?" என்ற மூன்றாம் கேள்வியோடு வாத்தியார் மெயினை இறக்கினார். மைதானம் மையைக் கொட்டிய மாதிரி இருண்டது.

செங்கோடன் சாக்கின்மேல் பாய்ந்தார். கைக்குக் கிடைத்த டார்ச்சை எடுத்து அழுத்தினார், எரியவில்லை. அதைப் போட்டுவிட்டு இன்னொன்று, எரியவில்லை. பெரியது, சின்னது, பித்தளை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அழுத்தினார். ஊரில் உள்ள அத்தனை டார்ச்சும் ஒரே நேரத்தில் செத்துப்போயிருந்தன. அம்மன் குற்றம்தான் என்று தீர்மானித்து, அடுத்ததைக் கும்பிட்டுவிட்டு அழுத்தினார். அதுவும் எரியவில்லை.

மேடை இருட்டிலேயே இருந்தது. அம்மன் வருகிற நொடி வந்து, நின்று, போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார். முனியப்பனுக்கு நிலைமை புரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. "நீ ஆரு?" என்று நான்காம் தரம் கேட்டார். கொஞ்சம் விட்டு, ராகம் போட்டு ஐந்தாம் தரமும் கேட்டார். வாத்தியார் பதறி மெயினைத் தூக்கப் போகிற சத்தம் கேட்டது. விளக்கு வந்தால், பாதி சேலையும் தலையில் சரியாக உட்காராத கிரீடமுமாக மாதம்மாளை ஊர் பார்க்கும்; அதோடு முடிந்தது.

"மெயினத் தொடாதீங்க" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல். அது கிழவியின் குரல் அல்ல. "நான் வந்தாத்தான் வெளிச்சம் வரும்."

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"நீ ஆரு?" என்றார் முனியப்பன், ஆறாம் தரமாக. குரலில் பழைய ராகம் இல்லை.

"இருடா, வர்றேன். உனக்கென்ன அவசரம்?"

அப்புறம், எதிர்ச் சரிவு ஆடுகளைத் தலைநிமிர வைக்கிற அதே தொண்டையில், மைக் இல்லாமல், மைதானத்தைக் கடந்து சில்வர் ஓக்குக்கு வந்தது அந்தச் சத்தம்.

"ஏனுங்க! என்னத்தப் பண்றீங்க அங்க?"

ஊர் அது சிவனைக் கேட்ட கேள்வி என்று நினைத்துக்கொண்டது. பல பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில் செங்கோடன் ஒருவருக்குத்தான் அது யாரைக் கேட்ட கேள்வி என்று தெரியும். அவர் சாக்குக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுக்கொண்டு அழுகிற நிலைக்கு வந்திருந்தார்.

"எரிய மாட்டீங்குதுக்கா. ஒண்ணுகூட எரிய மாட்டீங்குது."

"எப்படிடா எரியும்?" என்றாள் ஆராயி. "அடுத்தவங்க கையில குடுக்கறப்பக் கட்டையத் திருப்பிப் போடாமயா குடுப்பாங்க?"

மலைமேல் யாரிடமாவது டார்ச்சைக் கொடுத்து வைத்தால், உள்ளே ஒரு பேட்டரிக் கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். பையில் தானாக அழுந்தி எரிந்து தீராது. வாங்கி வைத்திருப்பவரும் ஓசியில் அடித்துப் பார்க்க முடியாது. செங்கோடனுக்குத் தெரியாத வழக்கமா? சற்று முன்னால் அவரே செய்ததுதான். அவர் மூளையும் அந்த நேரத்தில் ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு டார்ச்சைத் திருகினார். அடிமூடி தெறித்துக் காப்பிச் செடிக்குள் போய்விழுந்தது, ஸ்பிரிங் அதைத் தேடிக்கொண்டு போனது. ஆராயி அவரைத் தள்ளிவிட்டு, கைக்கு வந்த டார்ச்சை மடியில் வைத்துத் திருகி, கட்டையைத் திருப்பி, மூடி, அவர் கையில் அறைந்த மாதிரி வைத்தாள். ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். செங்கோடன் ஒரு கண்ணை மூடி, பால் டப்பா இருக்கிற திசையில் அழுத்தினார்.

மின்னல் வெட்டியது.

ஆனால் இருட்டில் காத்திருந்த அம்மன் சும்மா காத்திருக்கவில்லை. முதல் வெட்டில், கிரீடம் சற்றே சாய்ந்து, விரித்த கூந்தலோடு மாதம்மாள் பண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றாள். இரண்டாம் வெட்டில் பண்ணாடியின் மீசை அவள் கையில் இருந்தது. அடுத்ததில் பண்ணாடியின் வாய் திறந்திருந்தது. அதற்கடுத்ததில் பண்ணாடி தரையில் இருந்தார். மீசை நுனி மட்டும் இன்னும் மேலே, அவள் கையில். நடுவில் நடந்தது எதையும் யாரும் பார்க்கவில்லை. தனித்தனிப் படமாக ஊர் பார்த்தது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு "தாயே" போட்டது. செங்கோடனுக்கு விரலை எடுக்கத் தோன்றவில்லை. மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. பண்ணாடி வசனத்தில் இல்லாத மன்னிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் இட்லிக் குண்டா மூடி சூடேறிப் புகை வர ஆரம்பித்த பிறகுதான் ஆராயி அவர் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினாள்.

"கட்டையத் தீத்துப்போடாத, டார்ச்சு என்றது" என்றாள்.

நாடகம் முடிந்ததும் பெரியவர்கள் வாத்தியாரைச் சுற்றிக்கொண்டார்கள். மின்னல் தாமதமாக வந்ததே என்றார் ஒருவர். அம்மன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டதே, அது கட்டுப்பாட்டில் சேருமா என்றார் இன்னொருவர். வாத்தியார் வெற்றிலையைத் தேடினார். அதற்குள் முனியப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருந்தது. இத்தனை வருஷம் அம்மனாக நின்றவரை, வழியெல்லாம் பெண்கள் நிறுத்தி நிறுத்தி, "நல்லா வேணும் உனக்கு" என்று மனதாரத் திட்டியிருந்தார்கள். அப்படி ஒரு பாராட்டு அவருக்கு அம்மன் வேஷத்தில் கிடைத்ததே இல்லை.

"வேசம் அதுக்கே இருக்கட்டுமுங்க" என்றார். "ஆனா அடுத்த வருசமும் மீசையப் புடிக்கோணும். அத எழுதிச் சேத்துருங்க."

வாத்தியார் தலையை ஆட்டினார். கூப்பிட்டது அம்மன், புருஷன் மரத்தைத் தாண்டவில்லை, ஆகவே கட்டுப்பாடு மீறப்படவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஜீப்புகள் மஞ்சக்குட்டையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. சாக்கிலிருந்து அவரவர் டார்ச்சைப் பொறுக்கிக்கொண்டு, முதுகைத் திருப்பிக் கட்டையைச் சரிசெய்துகொண்டு ஊர் கலைந்தது. செங்கோடன் மரத்தடியிலேயே நின்றார். மேடைமேல் வாத்தியார் மாதம்மாளின் தலையிலிருந்து கிரீடத்தை இறக்கினார். அவள் முகத்து மஞ்சளைக்கூடத் துடைக்காமல், கூந்தலை ஒரு கொண்டையாகச் சுருட்டிக்கொண்டே மைதானத்தைக் கடந்து வந்தாள். அவர் என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தார். டார்ச் பற்றி, ஆராயி பற்றி, கட்டை பற்றி.

"சோறு ஆறிப் போயிருக்கும். ஊட்டுக்கு நடங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

செங்கோடன் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு, அவளுக்குப் பின்னால் நடந்தார்.